லிவர்ப்பூல் கற்பூரம்

மூட்டையை நான் பார்த்துக்கொள்ள மாட்டேன். எடுத்துக்கொண்டு போம். தண்ணீர் குடிக்கப் போகிறவர் மூட்டையோடு போனால் தண்ணீர் இறங்காதா? நான் இங்கேதான் இருப்பேன், எங்கேயும் போகமாட்டேன். அது வேறு விஷயம். மூட்டை காணாமல் போனால் போலீஸ்காரன் வருவான். யார் பக்கத்தில் இருந்தது என்பான். நீர் என்னைக் காட்டுவீர். அப்புறம் கோர்ட்டு, கூண்டு, சத்தியம். எனக்கு வேண்டாம். ஒரு தடவை நின்றது போதும்.

குடித்தாயிற்றா? உட்காரும். கொஞ்சம் தள்ளி உட்காரும்.

மாயவரம் வண்டிதானே? வரும். இந்தத் திருவாரூர் ஸ்டேஷனில் எந்த வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது? நானும் அதே வண்டிதான். பூந்தோட்டம் வரைக்கும்.

எந்தக் கோர்ட்டு என்று கேட்கிறீர். நாகப்பட்டணம் இல்லை, தஞ்சாவூரும் இல்லை. லிவர்ப்பூல். சீமையில். சிரிக்காதேயும். வேட்டி கட்டியவன் சீமைக்குப் போகக்கூடாதா? என் பேர் குப்புமுத்து. நாகப்பட்டணத்துக் கடற்கரைக்காரன். நெருப்புக் கப்பலில் கரி தள்ளினேன், ஒன்பது வருஷம். கொதிகலனுக்கு முன்னால் நின்று பாரும் ஒரு நாள், அப்புறம் சிரியும்.

முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. மார்கழி மாசம். தோலும் அவுரியும் ஏற்றிக்கொண்டு போய் லிவர்ப்பூலில் கட்டினோம். அது ஊரா? பகல் மூன்றரை மணிக்கு விளக்கு ஏற்றுகிறான். அடுப்புப் புகை கீழே இறங்கி நம் வாய்க்குள் போகிறது. கீழே கரி அறையில் வெந்து கிடந்துவிட்டு மேலே ஏறினேன், அந்தக் காற்று நெஞ்சில் அடித்தது, விழுந்தேன். குளிர் காய்ச்சல். மூன்று நாள். பல் தட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் படுத்தவன் தூங்கவில்லை.

பக்கத்தில் படுத்தவன் பக்கிரிசாமி. கூட்டாளி என்று சொல்லமாட்டேன். ஒரே தெரு, ஒரே நாளில் கப்பல் ஏறினோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவ்வளவுதான். சும்மா இருக்கமாட்டான். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. கரி விழுந்து கால் விரல் நசுங்கினால்கூட, "இன்னும் ஒன்பது இருக்குடா" என்று சிரிப்பான். அப்படி ஒரு ஆளோடு எப்படிக் காலம் தள்ளுவது, சொல்லும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் கரையிறங்கிப் போனான். எங்கேடா என்றேன். "சூடா ஏதாச்சும் பாத்துட்டு வரேன்" என்றான். கஞ்சியைச் சொல்கிறான் என்று நினைத்தேன். விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து வந்தான். கையில் கம்பளி. கருநீலம், ஆட்டுத்தோல் கனம். என் மேல் போட்டான், கால் பக்கம் செருகினான். "யார் கொடுத்தது?" என்றேன். "கழியில தொங்குச்சு, பாவம், தனியா" என்றான்.

அந்த ஊர்க் கடைக்காரனைச் சொல்ல வேண்டும். சாமானைக் கடைக்குள் வைக்கமாட்டான். சட்டை, பூட்ஸ், கம்பளி எல்லாவற்றையும் வாசலில் கழி நீட்டித் தொங்கவிடுவான். போகிறவன் வருகிறவன் முகத்தில் இடிக்கும். தொட்டால் போலீஸைக் கூப்பிடுவான். தொடக்கூடாது என்றால் ஏன் தொங்கவிடுகிறாய்? யாரும் அவனைக் கேட்பதில்லை.

நான் கேட்டேனா கம்பளி? கேட்கவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளும். பல் தட்டினது நிஜம். கம்பளி கொண்டு வா என்று வாயைத் திறந்து சொல்லவில்லை.

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதுவும் நிஜம்.

மறுநாள் விடிந்து மேலே பூட்ஸ் சத்தம். போலீஸ்காரன், கூடவே அந்தக் கம்பளிக்குச் சொந்தக்காரியான கடைக்காரி. துறைமுகத்தில் கம்பளியோடு ஒரு கறுப்பு ஆள் எங்கள் கப்பலில் ஏறினதை எவனோ பார்த்துச் சொல்லிவிட்டான். பக்கிரி என்ன செய்தான் தெரியுமா? என் மேல் கிடந்த கம்பளியை உருவினான். காய்ச்சல்காரன் மேலிருந்து, அந்தக் குளிரில், ஒரு வார்த்தை சொல்லாமல் உருவினான். உருவி, தன் தோளில் போர்த்திக்கொண்டு ஏணி ஏறி மேலே போனான். எனக்கு உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. அந்தக் குளிர் இன்னும் இங்கே, இந்த விலாவில் இருக்கிறது. அதற்கு அவனை நான் மன்னிக்கவில்லை.

மேலே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டு. சனிக்கிழமை கப்பல் கிளம்புகிறது. விடுவித்தால் எங்களோடு ஊருக்கு. இல்லை என்றால் ஜெயில், கப்பல் போய்விடும். அந்த ஊரில் பாஷை தெரியாமல், பனியில், தனி ஆள். ஊரில் அவன் பெண்டாட்டி ஆறு மாசக் கைக்குழந்தையோடு. விஷயம் இவ்வளவுதான். இதில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. எல்லாம் புரிந்துதான் போனேன்.

எங்கள் சாரங்கு மீராசா மரைக்காயர். சாரங்கு என்றால் எங்கள் ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. அவர்தான் ஏற்பாடு பண்ணினார். துறைமுகத்துப் பக்கம் மாலுமிகளுக்குச் சத்திரம் மாதிரி வீடு வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரன் ஒருவன் இருந்தான், சவரிமுத்து. கோர்ட்டில் நம் ஆட்களுக்கு அவன்தான் துபாஷி. இரண்டு பேரும் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை பக்கிரி கப்பலை விட்டு இறங்கவே இல்லை. எனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான். ஒரு போர்த்துகீசு மாலுமி கப்பலுக்கு வந்து கம்பளியை விற்றான். அவ்வளவு சொன்னால் போதும்.

நான் சொன்னேன், "சத்தியம் பண்ணச் சொல்வார்களே?"

சவரிமுத்து சிரித்தான். "அது வேதக்காரரின்ரை புத்தகம், பைபிள். உனக்கு ஒண்டும் செய்யாது. கையிலே எடு, ஒருக்காக் கொஞ்சு, பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லு."

கொஞ்சு என்றால் அவன் ஊர்ப் பேச்சில் முத்தம் கொடு. சரி என்றேன். எனக்கும் அதுதான் ஞாயமாகப் பட்டது. அவன் புத்தகம் நம்மை என்ன செய்யும்?

சாரங்கு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "குப்பு, வாயை அளந்து பேசணும், என்ன? உனக்கு ரோஷம் சாஸ்தி" என்றார். ரோஷம் இல்லாதவன் மனுஷனா? நீரே சொல்லும்.

அது என்ன, கைகாட்டி இறங்குகிறதா? இல்லை. காக்கா உட்கார்ந்திருக்கிறது.

கோர்ட்டு என்றால் நீர் நம் ஊர்க் கோர்ட்டு மாதிரி நினைக்காதேயும். வாய்தா கிடையாது. ஒரு கேசுக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பொம்பளை, ஆட்டுத்தொடையைப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு வந்தவள். மூன்று வாரம். கூரையிலிருந்து ஈயக் குழாயைப் பிடுங்கின கிழவன். இரண்டு மாசம். குடித்துவிட்டுப் போலீஸ்காரன் தொப்பியில் மூத்திரம் பெய்தவன். அவனுக்கு அபராதம். ஜனங்கள் பின்னால் நின்று நாடகம் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். மேலே மாஜிஸ்திரேட்டு துரை, மூக்கு ஒழுக ஒழுக உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு குமாஸ்தா. காரியம் நடத்துகிறவன் அந்தக் குமாஸ்தாதான்.

பக்கிரியைக் கூண்டில் நிறுத்தினார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தான். "காய்ச்சக்காரனை ஏன் இழுத்துட்டு வந்தீங்க?" என்று சாரங்கைப் பார்த்துக் கேட்டான். போலீஸ்காரன் சும்மா இரு என்று அதட்டினான்.

கடைக்காரி ஏறினாள். கம்பளி அவளுடையதுதான், ஓரத்தில் சிவப்பு நூல் அடையாளம் தைத்திருக்கிறாள். சரி. எடுத்தவன் யார், காட்டு என்றார்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கையை நீட்டினாள். யாரைக் காட்டினாள் தெரியுமா? சாரங்கைக் காட்டினாள்! தாடி வைத்த அறுபது வயசு மனுஷரை. கோர்ட்டே சிரித்தது. துரையும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சாரங்கு, "அல்லா, என்னையா!" என்று சொல்லி மார்பில் கை வைத்தார். இன்னும் சிரிப்பு.

அங்கேயே கேஸ் பாதி செத்துவிட்டது. சவரிமுத்து என் காதில், "நீ இப்ப ரெண்டு சொல்லுச் சொன்னாக் காணும், பெடியன் வெளியிலே" என்றான். நான் ஏறினேன்.

புத்தகத்தைக் கொடுத்தார்கள். வாங்கினேன். அப்போது அந்தக் குமாஸ்தா ஏதோ கேட்டான். பின்னால் இருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பிடிக்காது. என்ன சொல்கிறான் என்று சவரிமுத்துவைக் கேட்டேன். "ஒண்டுமில்லை, விடு" என்றான். சொல்லு என்றேன். "கிறிஸ்தவன் இல்லையே, இந்தாள் கட்டுப்படுகிற சத்தியம் எண்டு ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லு, புத்தகமே போதும்."

எங்களுக்குச் சத்தியம் இருக்கிறதா என்று கேட்கிறான்! அதற்கு ஒரு சிரிப்பு வேறு. எனக்கு ஏறிவிட்டது. புத்தகத்தைக் கீழே வைத்தேன். "சொல்லு அவனிடம். எங்கள் ஊரில் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றுவோம். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்வோம். அதற்கு அப்புறம் பொய் சொன்னால் வம்சம் தங்காது. அதுதான் சத்தியம். இந்தப் புத்தகத்தைக் கொஞ்சுவது இல்லை. அப்படியே சொல்லு."

சவரிமுத்துவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "விசரே உனக்கு?" என்றான், பைத்தியமா என்று. சொல்லுடா என்று கத்தினேன். துரை நிமிர்ந்து பார்த்தார். வேறு வழியில்லாமல் சொன்னான்.

கோபம் ஒரு பக்கம். ஆனால் நான் யோசிக்காமல் பேசவில்லை, அதைத் தெரிந்துகொள்ளும். கற்பூரம் அந்த ஊரில் ஏது? கோயில் இருக்கிறதா, கடை இருக்கிறதா? மானமும் மிஞ்சும், கற்பூரமும் கிடைக்காது, அப்புறம் புத்தகத்தையே தொட்டுச் சொல்லலாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன். நல்ல கணக்குத்தான். நீர் என்றாலும் அப்படித்தான் போட்டிருப்பீர்.

துரை சட்டைப்பையில் கையை விட்டார். சின்ன வெள்ளி டப்பி. திறந்தார். உள்ளே கற்பூரம்.

அந்த ஊரில் அதை ஜலதோஷத்துக்கு மூக்கில் வைத்து உறிஞ்சுவார்களாம். கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டியில் போட்டு வைப்பார்களாம். வீட்டுக்கு வீடு இருக்குமாம். கும்பிடத்தான் மாட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்?

குமாஸ்தா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பீங்கான் தட்டு எடுத்தான். சீனாக்காரன் தட்டை உடைத்துச் சத்தியம் பண்ணுவானாம், அதற்காக வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். தட்டில் கற்பூரத்தை வைத்தான். வத்திக்குச்சி கிழித்தான்.

எரிந்தது. நம் ஊர்க் கற்பூரத்தைவிட நல்ல கற்பூரம், கரி தட்டவில்லை. ஊரை விட்டு எட்டு மாசம். அந்த வாசனை வந்ததும் எனக்குக் கோயில் வாசல், செருப்புக் கூட்டம், மேளக்காரன் எல்லாம் வந்துவிட்டது. கூண்டைப் பார்த்தேன். பக்கிரி இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான். தன் கேசு நடக்கிறது என்பதே மறந்துவிட்டான், மடையன்.

கையால் அடித்தேன். சுட்டது. அணைந்தது.

இனி என்ன செய்யச் சொல்கிறீர்? என் வீட்டில் நாலு உருப்படி. மூத்தவனுக்கு ஆறு வயசு. நாலும் இன்றைக்கு வரைக்கும் உயிரோடு இருக்கின்றன, பாரும். ஒருத்தன் ரங்கூனில், ஒருத்தன் பினாங்கில், பெண்கள் இரண்டும் புருஷன் வீட்டில். ஒன்றும் என்னோடு இல்லை. ஆனால் இருக்கின்றன.

குமாஸ்தா கேட்டான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்த ஆள் எங்கே இருந்தான்? கரைக்குப் போயிருந்தான் என்றேன். எப்போது வந்தான்? விளக்கு வைத்த பிறகு. கையில் என்ன இருந்தது? கம்பளி. போகும்போது இருந்ததா? இல்லை. போர்த்துகீசுக்காரனைப் பார்த்தாயா? பார்க்கவில்லை.

ஒவ்வொன்றையும் சவரிமுத்து மாற்றிச் சொல்லிவிடுவான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அவனும் கற்பூரத்துக்குப் பயந்துவிட்டான். வேதக்காரன்தான், என்ன செய்வது, ரத்தத்தில் இருக்கிறதே.

கடைசியில் துரை கேட்டார், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. மெதுவாகத்தான் கேட்டார். நல்ல மனுஷர் மாதிரி இருந்தார். நான் பக்கிரியைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான். இப்படி, இப்படி. சொல்லாதே என்று. அவனே சொல்லாதே என்கிறான். நான் இறங்கிவிட்டேன்.

அப்படிப் பார்க்காதேயும். எனக்குத் தெரியும் என்ன கேட்கப் போகிறீர் என்று. கம்பளி யார் மேல் கிடந்தது என்பதை ஏன் சொல்லவில்லை, அதுதானே? கேட்டார்களா? கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், ஒன்றுகூடப் பொய் இல்லை. கேட்காததைச் சொல்வதாகக் கற்பூரத்தில் நான் அடிக்கவில்லை. சொல்லியிருந்தால், திருட்டுச் சாமானை அனுபவித்தவன் என்று எனக்கும் விலங்கு மாட்டியிருப்பான். காய்ச்சல் உடம்பு. ஜெயிலில் செத்திருப்பேன்.

வெளியே வந்து சவரிமுத்து சொன்னான், "நோயாளிக்குப் போர்க்க எடுத்தவன் எண்டு ஒரு வசனம் சொல்லியிருந்தா அந்தத் துரை விட்டிருப்பார். மூண்டு நாளோடை போயிருக்கும்." அது அவன் நினைப்பு. துரை மனசை இவன் கண்டானா?

ஆறு வாரம் கடுங்காவல்.

அவன் தலையை ஆட்டினது குளிரில் நடுங்கினதாக இருக்கும் என்று சாரங்கு சொன்னார். கூண்டில் சட்டை மட்டும்தான் போட்டிருந்தான், கம்பளியைக் கடைக்காரி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நடுக்கமாவது! எனக்குத் தெரியாதா அவன் தலையாட்டல்? ஒரே தட்டில் சாப்பிட்டவன் நான்.

மறுநாள் கப்பல் கிளம்பிவிட்டது. ஊர் வந்து சேரும் வரைக்கும் என் தட்டில் எவனும் கை வைக்கவில்லை. தனியாகச் சாப்பிட்டேன். அதுவும் வசதிதான்.

ஊருக்கு வந்ததும் அவன் பெண்டாட்டி வந்து நின்றாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "அண்ணே, அவுக எங்கண்ணே?" என்றாள். வேறு கப்பலில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றேன். பொய்தான். அதற்கு நான் கற்பூரம் அடிக்கவில்லையே.

இரண்டு வருஷம் கழித்து வந்தான். ஜெயிலில் தார் பூசின பழைய கப்பல் கயிற்றைக் கொடுத்து நார் நாராகப் பிரிக்கச் சொல்வார்களாம். விரல் நுனியெல்லாம் தழும்பு, இரண்டு நகம் முளைக்கவே இல்லை. வெளியே வந்து, கப்பல் கிடைக்காமல் அலைந்து, எங்கெங்கோ சுற்றி வந்திருக்கிறான். நேராக என் வீட்டுக்கு வந்தான். வரட்டும் என்று நானும் தயாராக இருந்தேன். நாலு வார்த்தை அவன் கேட்பான், எட்டு வார்த்தை நான் கேட்பேன் என்று. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன், கம்பளியை உருவினதிலிருந்து எல்லாவற்றையும்.

வாசலில் நின்று, "காய்ச்சல் விட்டுருச்சாடா?" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். எப்படி இருக்கிறது பாரும். எந்த மனுஷனாவது அப்படிக் கேட்பானா? "எந்தக் காய்ச்சல்?" என்றேன். சிரித்தான். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான். போய்விட்டான். அப்புறம் பெண்டாட்டி ஊரான பூந்தோட்டத்துக்கே குடிபோய்விட்டான். முப்பது வருஷம், பார்க்கவில்லை. அவனும் வரவில்லை, நானும் போகவில்லை.

நாலு நாளைக்கு முன்னால் கார்டு வந்தது. பக்கிரியின் அந்தக் கைக்குழந்தை, இப்போது அவளுக்கே கல்யாண வயசில் ஒரு பெண், யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அப்பாவுக்குக் காலெல்லாம் நீர் வைத்து வீங்கிவிட்டது, கஞ்சி இறங்கவில்லை, குப்புவைப் பார்க்கணும் என்கிறார், உடனே வரவும். தபால்காரன் இரண்டு தடவை வாசித்தான். ஒரு தடவை போதும் என்றேன்.

எனக்குப் பூந்தோட்டத்தில் வேறு வேலையும் இருக்கிறது. என்ன வேலை என்று உமக்கு எதற்கு?

திட்டுவான் என்றால் போகலாம். நாலு பேர் முன்னால், பாவி, ஒரு வார்த்தை சொன்னாயா என்று காறித் துப்பினால், உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். துப்பமாட்டான். எனக்குத் தெரியும் அவனை. படுத்த படுக்கையில் சிரிப்பான். ஏதாவது கேட்பான், சாப்பிட்டாயா, வண்டியில் இடம் கிடைத்ததா என்று. அதற்கு நான் என்ன பதில் சொல்வது? சொல்லும் பார்ப்போம். நீர் படித்தவர் மாதிரி இருக்கிறீர்.

மணி அடித்துவிட்டான். எழுந்திரும். மூட்டையை எடும்.

அந்தப் போர்ட்டர் பயல் சொல்வதைக் காதில் வாங்காதேயும். "பெரியவரே, இதுலயாச்சும் ஏறுவீங்களா, இல்ல இதையும் வழியனுப்பவா?" என்கிறான். காலையிலிருந்து இதே கேலி. இரண்டு வண்டி போனால் இவனுக்கு என்ன? டிக்கெட்டு என்னிடம் இருக்கிறது. எப்போது ஏறுவது என்பது என் இஷ்டம்.

நீர் ஏறும். ஜன்னல் பக்கம் உட்காரும். என்னை ஏன் கையைப் பிடித்து இழுக்கிறீர்? விடும். கூட்டமாக இருக்கிறது, நான் அடுத்ததில் வருகிறேன்.

தெரிகிறது ஐயா, எனக்கும் கண் இருக்கிறது. பெட்டி காலியாகத்தான் இருக்கிறது. கதவைச் சாத்தும்.